உச்சியில் களைக்க வேண்டும்

இரண்டு பெட்டிகளையும் மேஜைமேல் அருகருகே வைத்துவிட்டு, சைலன்ஸர் குடோனில் கிடக்கிறது, எடுத்து வந்துவிடுகிறேன், அதற்குள் எது என்று முடிவு பண்ணி வையுங்கம்மா என்று சொல்லிக் கடைக்காரர் ஜெயசீலன் படியிறங்கிப் போய்விட்டார். முடிவு பண்ணி வைப்பதாம், அரிசி களைந்து வைப்பது மாதிரி. இன்றைக்கு மாதாந்திர மின்தடை என்று தெரிந்துதான் வந்தேன், ஆனால் காலை பதினோரு மணிக்கு இந்த மாடிக் கடை இவ்வளவு இருட்டாக இருக்கும் என்று தெரியாது. கூரையிலிருந்து நூலில் தொங்கும் மாதிரி விமானங்கள், மின்விசிறி நின்றுபோனதால், எந்தப் பக்கம் திரும்பி இருந்தனவோ அந்தப் பக்கமே பார்த்தபடி நிற்கின்றன. சின்னப் பெட்டியில் இருபத்தாறு சி.சி. பெட்ரோல் இன்ஜின். பெரிய பெட்டியில் முப்பத்தெட்டு. வீட்டில் சாப்பாட்டு மேஜையின்மேல் மூக்கில்லாமல் படுத்திருக்கிறதே அந்த மஞ்சள் விமானம், இரண்டில் ஒன்றுதான் அதற்குள் போக முடியும். நாளைக் காலை கிருபாகரன் வந்து மூக்குப் பலகையில் துளை போடுகிறான். போட்டுவிட்டால் மாற்ற முடியாது, ஒவ்வொரு இன்ஜினுக்கும் துளை வேறு வேறு இடத்தில். கிருபாகரன் என் வீட்டுக்காரருடைய விமான கிளப் சிநேகிதன், ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன், நாற்பது வயது, என்னை அக்கா என்பான். ஞாயிற்றுக்கிழமை கிணத்துக்கடவு மைதானத்தில் தானே பறக்கவிட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். முப்பத்தெட்டு போடுங்கக்கா, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம் என்றான். நான் இவரிடம் கேட்டேன். இவர் போதும் என்றார். எது போதும்? இருபத்தாறு போதும் என்றா, முப்பத்தெட்டு போதும் என்றா, இல்லை, விமானமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், எல்லாம் போதும் என்றா. ஐந்து மாதமாக இவரிடம் மிச்சமிருக்கும் சொல் அது ஒன்றுதான்.

வேறு ஏதாவது சொல் மிஞ்சியிருக்கக் கூடாதா. தண்ணீர் என்று, வலி என்று, என் பெயர் என்று. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற அந்தப் பெண் சொன்னாள், பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து பேச்சும் போகும்போது சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை தங்கிப்போகும், நிறையப் புழங்கிய வார்த்தையாகக்கூட இருக்கலாம் என்று. புழங்கினார், வேறென்ன. முப்பத்து மூன்று வருஷம் பம்பு கம்பெனியில் உட்கார்ந்து, தோட்டத்துக்காரர்களின் கிணற்றுக்கு எத்தனை ஹெச்.பி. மோட்டார் வேண்டும் என்று சொல்லிக் கொண்டிருந்தவர். வருகிறவர்களெல்லாம் பெரிதாகவே கேட்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஏழரை போட்டிருக்கிறான், எனக்கு மட்டும் அஞ்சுங்களா என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சண்டை பிடித்தார். இவர் தலையை நிமிர்த்தவில்லை, உங்க கிணத்துல ஊறுறது எவ்வளவோ அதுக்கு அஞ்சு போதுமுங்க, ஏழரையைப் போட்டா முக்கால் மணி நேரத்துல சேத்தை உறிஞ்சும் என்றார். வந்தவர் காப்பியைக்கூடக் குடிக்காமல் போனார். அந்தப் போதுமில் ஒரு கணக்கு இருந்தது. வீட்டில் சொன்ன போதுமிலும் இருந்திருக்கும், நான்தான் அதை நம்பியதில்லை. எங்கள் பக்கத்தில் இலைக்குமேல் கையை விரித்துப் போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி போடு என்று அர்த்தம். போடாவிட்டால் மனசில்லாதவள் என்று பேச்சு வரும். கல்யாணமாகி வந்த அன்றிலிருந்து நாற்பத்தாறு வருஷம் இவர் போதும் என்ற பிறகு நான் ஒரு கரண்டி போட்டிருக்கிறேன். இவரும் அதைச் சாப்பிட்டிருக்கிறார். மற்றவர்கள் மரியாதைக்குச் சொல்கிற அந்தச் சொல்லை இந்த மனுஷன் சொல்லின் அர்த்தத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரியில், பன்னிரண்டாம் நாள். கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலாவது ஸ்பூனுக்குப் போதும் என்றார். விழுந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல், எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் கை தானாக இன்னொரு ஸ்பூனைக் கொண்டுபோய் வாயில் வைத்தது. முழுங்க முடியவில்லை. மூச்சுக்குழாயில் போய்விட்டது. உதடு நீலமாக மாறுவதைப் பார்த்தபடி நான் ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் ஓடி வந்து அவரைப் பக்கவாட்டில் புரட்டி முதுகில் தட்டினாள். போதும்னு சொல்றாருல்ல, அப்புறம் எதுக்குக் கொடுக்கறீங்க என்றாள். அவளுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். ஒரு மாதம் நிமோனியா. அதற்கப்புறம் அந்தச் சொல்லைக் கேட்டால் கையிலிருப்பதை உடனே கீழே வைத்துவிடுகிறேன். அதனால்தான் பெட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேனோ என்னவோ.

சின்னப் பெட்டி என்ன கனம் இருக்கும், தூக்கிப் பார்க்கலாம். வேண்டாம். எட்டு கிலோ விமானம். பெல்ஜியத்துப் பழைய இரட்டை இறக்கை விமானத்தின் கால் பங்கு அளவு, மூன்று வருஷம் இவர் கையால் கட்டியது. நிஜ விமானத்துக்கு நூற்று நாற்பது குதிரைச் சக்தி சொச்சம், அதுவே அந்தக் கனத்துக்குக் கொஞ்சம் குறைச்சல்தான் என்பார், குறைச்சல் என்று சொல்லும்போது பெருமையாகச் சொல்வார். எனக்கு அதெல்லாம் முதலில் புரியவில்லை. மடக்கு நாற்காலியைப் போட்டு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன், மடியில் புத்தகம் இருக்கும், எல்லா விமானமும் ஒரே கொசுச் சத்தமாகக் கேட்கும். ஒரு நாள் இவர் பக்கத்தில் வந்து குனிந்து, மேலே பாரு மணி, லூப் அடிக்கறாங்க பாரு என்றார். கிருபாகரனின் விமானம் மூக்கைத் தூக்கி, மேலேறி, தலைகீழாகச் சாய்ந்து, இறங்கி, காம்பஸ் வைத்து வரைந்தது மாதிரி ஒரு வட்டம் போட்டது. எங்கேயும் வேகம் மாறவில்லை. நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அதான் தப்பு என்றார். நிஜமானது அப்படிப் போகாது. முதலில் மூக்கைக் கவிழ்த்துக் கீழே பாய வேண்டும், உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்க வேண்டும், பிறகு அந்த வேகத்தைக் கொடுத்து மேலே ஏற வேண்டும், வட்டத்தின் உச்சிக்கு வரும்போது கையில் ஒன்றுமே இருக்காது, அந்த இடத்தில் அது களைத்துப்போய், விழலாமா என்று ஒரு நொடி யோசிக்கும், பிறகுதான் இறங்கும். உச்சியில் களைக்க வேண்டும். களைக்காமல் இன்ஜினே இழுத்துக்கொண்டு போனால் அது விமானம் இல்ல, பம்புசெட்டு. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் படித்த பி.ஏ.வில் யாப்பிலக்கணத்துக்கு நூறு மார்க் பேப்பர் இருந்தது. நிறுத்தம் எங்கே வரவேண்டும் என்று அத்தனை பக்கம் படித்தவளுக்கு அந்த ஒரு நொடி அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அதற்கப்புறம் புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தேன். இவருடைய பழைய நீல விமானம் உச்சிக்கு வந்து நிற்கிற இடத்தில் என் மூச்சும் நிற்கும். சத்தம்கூட அங்கே கொஞ்சம் மெலியும். ஆனால் சக்தி குறைந்த விமானத்தை அப்படிக் கொண்டுபோக எல்லோராலும் முடியாது. எவ்வளவு பாய வேண்டும், எப்போது மூக்கைத் தூக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக, எல்லாம் வலது கட்டைவிரல் நுனியில் இருக்கிறது. அவசரப்பட்டு இழுத்தால் உச்சியில் நின்று, இறக்கை சரிந்து, சுழன்றுகொண்டே தரைக்கு வந்துவிடும். போன வாரம் கிருபாகரன் மறைக்காமல் சொன்னான். இருபத்தாறுல சார் ஒருத்தராலதானுங்கக்கா முடியும், என் கையில குடுத்தீங்கன்னா தென்ன மரத்துலதான் பொறுக்கணும்.

விஷயம் இவ்வளவுதான், இதை இன்ஜின் விஷயம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன். இருபத்தாறு வாங்கினால் அவர் ஓட்டப்போகிறார் என்று அர்த்தம். முப்பத்தெட்டு வாங்கினால் இனிமேல் ஓட்டப்போவதில்லை என்று அர்த்தம். ஜெயசீலன் அதை வேறு மாதிரி சொல்கிறார், இந்த விமானத்துக்கு மூக்கு குட்டை, சின்ன இன்ஜின் வைத்தால் முன்பக்கம் கனம் பத்தாமல் எப்படியும் அரைக் கிலோ ஈயம் கட்ட வேண்டும், சும்மா கிடக்கிற ஈயத்துக்குப் பதிலாக அந்தக் கனத்தை இன்ஜினாகவே வைத்துவிட்டு, பாதி விசையில் ஓட்டினால் போயிற்று. நியாயமாகத்தான் இருக்கிறது. இவரிடம் யாரோ முன்னால் இதையே சொன்னபோது, இருக்கிற விசையைத் திறக்காம வைக்கிற ஆளை நான் பார்த்ததில்லை என்றார். நானும்தான் பார்த்ததில்லை. போன மாதம் ஸ்கேன் முடிவு கேட்க நான் மட்டும் போனேன், பகலில் இவரைப் பார்த்துக்கொள்ள வருகிற மரகதத்திடம் விட்டுவிட்டு. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பென்சிலால் காட்டினார். கால் ஓரளவு வரும், கம்பு பிடித்து நடக்கலாம். பேச்சு இன்னும் நாலைந்து வார்த்தை வரலாம். கை வராது, விரல் நிச்சயமாக வராது, அதை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம் என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து இவரிடம், எல்லாம் நல்லா இருக்காமுங்க, போகப் போகச் சரியாயிருமுன்னு சொன்னாரு என்றேன். இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை, பழக்கமில்லாததால் குரல் உயர்ந்துவிட்டது. இவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போதும் என்றார். மறுநாள் காலையிலிருந்து அது ஆரம்பித்தது. இட்லி வைத்துவிட்டு நான் கொல்லைப்பக்கம் போனதும், விமானத்து ரிமோட்டை இடது கையால் இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். வலது கையைத் தூக்கி, ஒரு பொருளைத் தூக்குவது மாதிரி தூக்கி, அதன்மேல் வைக்கிறார். கட்டைவிரலை இடது கை விரல்களால் பிடித்து அதிலிருக்கும் சின்னக் குச்சியின் நுனியில் நிறுத்துகிறார். அது வழுகி விழுகிறது. எடுத்து நிறுத்துகிறார். வழுகுகிறது. ஜன்னல் வழியாக நான் எண்ணினேன், முப்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. நான் செருப்புச் சத்தத்தோடு உள்ளே வந்தால் துண்டை எடுத்து ரிமோட்டை மூடிவிடுகிறார், குளிக்கிற இடத்தில் யாரோ கதவைத் திறந்துவிட்டது மாதிரி. நான் சொன்ன ஒரு பொய்க்கு இவர் தினமும் முக்கால் மணி நேரம் உழைக்கிறார். இருபத்தாறை வாங்கிக்கொண்டு போனால் இன்னும் உழைப்பார். ஒரு வருஷம், இரண்டு வருஷம். விமானம் மேஜையிலேயே இருக்கும், நாங்கள் இரண்டு பேரும் சமையல்கட்டில் சாப்பிடுவோம். இதில் என்ன கெட்டுவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டுமே என்றும் தோன்றுகிறது. நம்பிக்கை இருந்தால் நல்லதுதானே என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்ததில்லை.

போன் பண்ணிப் பார்க்கலாம். மரகதம் எடுத்தாள், ஐயா காதில் வைக்கச் சொன்னேன். மூச்சு கேட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். ட்ரங்க் காலில் ஹலோ என்கிற ஒரு சொல்லை வைத்தே சாவுச் செய்தியா கல்யாணச் செய்தியா என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லுவேன், பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தக் காதை வைத்துக்கொண்டு கேட்டேன். நான் கடையில இருக்கேனுங்க, இருபத்தாறு வாங்கட்டுங்களா. போதும் என்றார். முடிவில் குரல் இறங்கியது, அஞ்சு ஹெச்.பி. போதுமுங்க என்று சொன்ன மாதிரி இருந்தது. நெஞ்சு லேசாகிவிட்டது, அதோடு போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. முப்பத்தெட்டு வாங்கட்டுங்களா என்றேன். மூச்சு. தெருவில் கீரைக்காரி கூவுகிற சத்தம். மூச்சு. போதும். அதே சொல், அதே இறக்கம், ஒரு இழைகூட வித்தியாசமில்லை. இல்லை, இரண்டாவதற்குமுன் தாமதம் இருந்தது. தாமதத்துக்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கோபம் என்று வைக்கலாம், புரிந்துவிட்டது என்று வைக்கலாம், கீரைக்காரி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்றுகூட வைக்கலாம். மரகதம் போனை வாங்கி, ஐயா செவுத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கறாருங்கம்மா, கீரை வாங்கட்டுமா என்றாள். வாங்கு என்றேன். அவரிடம் கேட்டு அவர் தலையில் போட்டுவிடப் பார்த்திருக்கிறேன். ஊர் உலகத்தில் யாராவது ஒருவர் இதை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளமாட்டார்களா என்று பார்க்கிறேன், டாக்டர் வாங்கவில்லை, கிருபாகரன் வாங்கவில்லை, வாய் விழுந்த மனுஷனிடம் நீட்டினேன்.

படியில் செருப்புச் சத்தம். ஜெயசீலன் மூச்சு வாங்க ஏறி வந்தார், கையில் இரண்டு அட்டைப்பெட்டிகள், இரண்டு இன்ஜினுக்குமான சைலன்ஸர்களையும் எடுத்து வந்துவிட்டார், நல்ல மனுஷர். சட்டை தோளில் நூலாம்படை ஒட்டியிருந்தது. துடைத்துக்கொண்டே, எல்லாக் கிராக்கியிடமும் கேட்கிற கேள்விதான், வேறு ஒன்றும் இல்லை, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஓட்டப்போறது யாருங்கம்மா? வெள்ளியங்கிரி சார்தானுங்களே?"

ஆமாங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு சொல்தான், அதைச் சொல்லிவிட்டால் சின்னப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம், வீட்டில் இவர் பெட்டியைப் பார்த்து முகம் மலரலாம், மலர்ந்த முகத்தோடு நாளைக் காலை கட்டைவிரலை எடுத்து மறுபடியும் குச்சியின்மேல் நிறுத்தலாம்.

"இல்லைங்க" என்றேன். "கிருபாகரன்."

ஜெயசீலன் துடைப்பதை நிறுத்தினார். சார் சரியாகிவிட்டால் என்று ஆரம்பித்தார், ஆகமாட்டாருங்க என்றேன். என் குரல் எனக்கே எக்ஸ்சேஞ்சில் நம்பர் சொல்கிற குரலாகக் கேட்டது. அவர் சின்னப் பெட்டியை எடுத்து அலமாரியில், கண்ணில் படாத மூலையில் வைத்தார். பெரியதைக் காகிதத்தில் சுற்றி, குறுக்கும் நெடுக்கும் சணலால் கட்டி, தூக்குவதற்கு ஒரு வளையமும் போட்டுக் கொடுத்தார். பத்திரமுங்கம்மா, படி இருட்டா இருக்குது என்றார்.

இருட்டாகத்தான் இருக்கிறது. ஒரு படி, இன்னொரு படி, கைப்பிடியில் எண்ணெய்ப் பிசுக்கு. கனம் சணல் வழியாக விரலை அறுக்கிறது. ஐந்து மாதத்தில் முதல் முறையாக வெளியே சொல்லியிருக்கிறேன், அதுவும் கடைக்காரரிடம். சொல்லவேண்டியவரிடம் இன்னும் சொல்லவில்லை. கிருபாகரனிடம் சொல்லி, இவர் தூங்கும்போது பொருத்தி மூக்குக் கவசத்தை மாட்டிவிடச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தெரியும். மைதானத்தில், சக்கர நாற்காலியில், கிளப் ஆட்கள் எல்லோரும் சுற்றி நிற்க, மஞ்சள் விமானம் பாயாமலேயே மூக்கைத் தூக்கி, உச்சியில் ஒரு நொடிகூடத் தயங்காமல் சுற்றி வரும்போது தெரியும். பேச்சுத்தான் போனது, ஆகாயத்தைப் படிக்கிற கண் போகவில்லை. அத்தனை பேர் நடுவில் அதைப் படிக்கவைத்துவிட்டு நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதா. கோழை, என் வாயால் சொல்லத் துணியாததை ஒரு இன்ஜின் சொல்லட்டும் என்று விடுகிறவள். ஆனால் என்னிடமும்தான் சொல் இல்லை. கை வராதுங்க என்று எந்த ராகத்தில் சொல்வது. இதுதான் இருக்கிறது, சணல் கட்டிய ஒரு பெட்டி. பம்புக்காரர், காகிதத்தைப் பிரிக்கும் முன்னால் கனத்திலேயே எது என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெருவில் வெயில் கண்ணைக் குத்துகிறது, கரண்ட் இல்லாததால் கடைக்காரர்கள் எல்லோரும் வாசலில் வந்து நிற்கிறார்கள். பஸ் நிறுத்தம் அந்தப் பக்கம். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, முன்னால், மனசு மாறிவிடும். மரகதத்தை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பெட்டியை அவர் மடியில் வைக்க வேண்டும். வைத்ததும் அடுப்பைப் பார்க்கிறேன் என்று உள்ளே ஓடக் கூடாது. பக்கத்தில் உட்கார வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இடது பக்கமாக உட்கார வேண்டும், வலது பக்கம் பிடித்தால் நான் பிடித்திருப்பது அவருக்குத் தெரியாது.